கருஞ்சிவப்புக் கோட்டும் தலைகீழ்ப் பாவாடையும்

இந்த வீட்டில் இனி ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அந்தப் பாவாடை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சிங்கம் மாதிரி முடிவு செய்தேன். மனதுக்குள்தான். என் மனைவி ரிம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

வீடு என்று சொல்வது பேச்சுக்குத்தான். பீட்டர்ஸ்பர்க்கில் பழைய மாளிகை ஒன்றில், ஐந்து குடும்பங்களுக்கு ஒரே சமையலறை, எங்களுக்கு ஒரே ஓர் அறை. ஜார் காலத்துச் சீமாட்டி யாராவது அதில் நாய் வளர்த்திருப்பாள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு தையல் மெஷின், ஒரு புருஷன். விளக்கு தொங்க வேண்டிய கொக்கியில் டூட்டூ. பாலே ஆடுகிற பெண்கள் இடுப்பைச் சுற்றித் தாம்பாளம் மாதிரி விரித்துக்கொண்டு வருவார்களே, அந்த வலைப் பாவாடை. என் மனைவி நாடக அரங்கின் தையல்கூடத்தில் அதைத்தான் தைக்கிறாள். அங்கே இடமில்லையாம், பாதி வேலை வீட்டுக்கு வந்துவிடும். இங்கே இடம் வழிகிறது பாருங்கள்!

அதுவும் நேராகத் தொங்காது. தலைகீழாகத்தான். காலையில் கண்ணைத் திறந்தால், தலையில்லாத ஒருத்தி கூரையிலிருந்து என் மேல் குதிக்க வருவதுபோல் இருக்கும்.

"மனுஷன் மாதிரி நேரா மாட்டக்கூடாதா?"

"நேரா மாட்டினா வலை கீழே தொங்கிடும் வெனியா. தலைகீழா இருந்தாத்தான் விறைப்பா நிக்கும்."

"புருஷனைக்கூட அப்படித்தான் மாட்டி வெச்சிருக்கே."

"நீ எங்கே விறைப்பா நிக்கறே?"

டூட்டூ பற்றி வாயைத் திறந்தால் அவள் வரலாற்றையே எடுத்துவிடுவாள். ஆதியில் பாவாடை தரையைக் கூட்டியதாம். அப்புறம் பாரிஸில் ஒருத்தி கணுக்கால் தெரிய ஆடினாளாம். அப்புறம் இத்தாலிக்காரி ஒருத்தி இதே ஊருக்கு வந்து, முழங்கால் தெரியாவிட்டால் மேடை ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தாளாம். ஆளாளுக்கு ஒரு சாண் வெட்டி வெட்டி, கடைசியில் பாவாடை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. இதற்குப் பெயர் கலை. நான் கிழிந்த கால்சட்டையோடு வெளியே போனால் மட்டும் மானம் போகிறது.

அது தொண்ணூற்று நான்காம் வருடம். நாட்டில் எல்லாம் சரிந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையமும் சரிந்தது. சரியாமல் நின்றவை இரண்டே. ஒன்று ரிம்மாவின் டூட்டூ. இன்னொன்று பக்கத்து அறை ஃபைனா மார்க்கோவ்னாவின் சுருட்டை முடி.

நாடு சரிந்தால் என்ன, நாகரிகம் கொடி கட்டிப் பறந்தது. கல்யாணத்துக்கு ஓட்டப்பந்தய உடையில் வந்தார்கள். சட்டையின் கைப்பட்டையில் கம்பெனிச் சீட்டைப் பிய்க்காமல் விட்டார்கள், பிய்த்தால் வெளிநாட்டுச் சரக்கு என்று தெரியாதே! அறுபதைத் தாண்டிய ஃபைனா மார்க்கோவ்னா புள்ளிச் சிறுத்தை லெகிங்ஸில் முட்டைக்கோஸ் சூப் கிண்டினாள். சிறுத்தை பார்த்தால் தூக்கு மாட்டிக்கொள்ளும். எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன்.

ஆனால் ஒன்றே ஒன்றில் விழுந்தேன். கருஞ்சிவப்புக் கோட்டு. புதுப் பணக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் போட்டார்கள். பொன்னிறப் பொத்தான். போட்டவனைப் பார்த்தாலே போலீஸ்காரன் ஒதுங்குவான். அதைப் போடாதவன் ஆம்பிளையே இல்லை என்று எனக்குப் பட்டது.

மெட்ரோ வாசலில் பெட்டிக்கடை வைத்திருந்த எடிக்கிடம் ஒன்று இருந்தது.

"போட்டுப் பாருங்க வெனியமின் போரிசோவிச். உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு."

"எனக்கு வேலை கிடையாதுடா."

"உங்களுக்கு இல்லேன்னா என்ன? வீட்டம்மா கை தங்கக் கையாமே. எனக்கு வாரம் ஒரு மூட்டை பளபளா லெகிங்ஸ் தைச்சுத் தரச் சொல்லுங்க. கோட்டை இப்பவே போட்டுக்கிட்டுப் போங்க."

"தைப்பா."

"கேட்டுட்டுச் சொல்லுங்களேன்?"

"என் வீட்டுல நான் சொன்னா சொன்னதுதான்!"

"சரி. மே விடுமுறை முடிஞ்சதும் வருவேன். லெகிங்ஸ் இல்லேன்னா கோட்டைக் கழட்டிடுவேன்."

கைப்பட்டைச் சீட்டைப் பிய்க்காமல் வீட்டுக்கு வந்தேன். ரிம்மா என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

"எந்த பேண்டு செட்டுல சேர்ந்தே?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஊசியைக்கூட நிறுத்தவில்லை.

"இந்தக் கை டூட்டூ தைச்ச கை. பிளாஸ்டிக் தொடை தைக்காது."

"தியேட்டரே வேண்டாம்னு துரத்திட்டா?"

"துரத்தினா பாக்கலாம்."

இந்த ஒரு சொல் போதும் எனக்கு. துரத்த வைப்பது என் பொறுப்பு.

ஏப்ரலில் ஒரு புது டூட்டூ வந்தது. அவள் முக்காலியில் ஏறித் தலைகீழாக மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"வெனியா, இது உசிரு மாதிரி. பழைய காலத்து பாலே ஒண்ணைத் திரும்ப மேடை ஏத்தறாங்க. பாரிஸ்லேருந்து பெரிய டிசைனர் வந்து பாக்கப் போறார். இதை நேரா மட்டும் மாட்டிடாதே."

"நான் ஏன் மாட்டறேன்?"

"கீழே கெட்டில் கொதிக்க விட்டுடாதே. ஆவி பட்டா கஞ்சி இளகிடும். வலை தொங்கிப் போயிடும். அப்புறம் என் கதி அதோ கதிதான்."

சாப்பிடும்போது இன்னொரு தடவை சொன்னாள். படுக்கும்போது இன்னொரு தடவை. பாவம், திருடனுக்கே சாவியைக் கையில் கொடுக்கிறாளே என்று எனக்கே இரக்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன். அவள் டிராம் ஏறியதும் முக்காலியில் ஏறுவேன். டூட்டூவைக் கழற்றி, தோள்பட்டியில் நேராக மாட்டுவேன். மின்அடுப்பில் கெட்டிலைப் போட்டு நேர் கீழே வைப்பேன். கெட்டிலில் எப்போதும் தண்ணீர் தளும்ப இருந்தது. தெய்வமே என் பக்கம் இருந்தால் தண்ணீர் பிடிக்கிற வேலைகூட மிச்சம். சாயங்காலம் பழையபடி தலைகீழாக மாட்டிவிடுவேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. கோட்டைப் போட்டுக் கண்ணாடி பார்ப்பேன், போய்விடும்.

ஒரு நாள் உப்பு கேட்டு வந்த ஃபைனா மார்க்கோவ்னா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன இது, பாவாடைக்கு டீயா?"

"ஜலதோஷம். ஆவி பிடிக்குது."

"யாருக்கு ஜலதோஷம்?"

"எனக்குத்தான்."

"அப்ப பாவாடை ஏன் பிடிக்குது?"

உப்பை மூட்டையாகவே கொடுத்து அனுப்பினேன்.

மாதக் கடைசியில் டூட்டூ வெந்த முட்டைக்கோஸ் இலையாகத் துவண்டுபோயிருந்தது. ரிம்மா அதை இறக்கிப் பார்த்தாள். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். வெள்ளைத் துணியில் சுற்றினாள்.

"இன்னிக்கு டிசைனர் பாக்கறார் வெனியா. என்ன ஆகுமோ."

"எது நடந்தாலும் நான் இருக்கேன்" என்றேன். கோட்டின் பொன்னிறப் பொத்தானைத் தடவிக்கொண்டே.

அன்று சமையலறையில் கொண்டாட்டம். நேவா நதியில் கோர்யுஷ்கா மீன் கிடைக்கிற பருவம். அந்த மீனுக்கே உரிய வெள்ளரிக்காய் வாசனை ஐந்து குடும்பத்தையும் தூக்கியது. கோட்டைக் கழற்றாமல் நானே வறுத்தேன். வறுத்ததை எங்கள் அறைக்குக் கொண்டுவந்து, ஃபைனா மார்க்கோவ்னாவையும் கூப்பிட்டு ஒரு தட்டு கொடுத்தேன்.

"என்ன விசேஷம்?"

"ஒரு பாவாடை செத்துப்போச்சு."

கதவு திறந்தது. ரிம்மா. அவள் பின்னால் தியேட்டர் வேன் டிரைவர், வலைத்துணிச் சுருள்களைச் சுமந்துகொண்டு. ஒன்று இறக்கினான். போனான். இன்னொன்று கொண்டுவந்தான். கட்டில் மறைந்தது. மேஜை மறைந்தது.

"துரத்திட்டாங்களா?" என்றேன் நம்பிக்கையோடு.

"கட்டிப் பிடிச்சாங்க."

"எதுக்கு?"

"அந்தக் காலத்துல டூட்டூ தாம்பாளமா நிக்காதாம் வெனியா. மணி மாதிரி மெத்துனு தொங்குமாம். எல்லாரோடதும் விறைச்சுக்கிட்டு நின்னுது. என்னோடது ஒண்ணுதான் தொங்கிச்சு. டிசைனர் கிழவர் கண்ணுல தண்ணி! மொத்தக் கூட்டத்துக்கும் நீயேதான் தைக்கணும்னுட்டார்."

கையிலிருந்த மீன் கோட்டின் மேல் விழுந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தொங்கணும்னு பாரிஸ்லேருந்து போன மாசமே எழுதிட்டாரே. மத்த தையல்காரிங்களுக்குத்தான் கஞ்சியை விட மனசு வரலை."

"அப்ப நான் செஞ்சது...?"

"முதல் நாளே தெரியும். நான் முதுகுப் பக்கம் ஜன்னலைப் பாக்கற மாதிரி மாட்டுவேன். சாயங்காலம் வந்தா அது கதவைப் பாத்துக்கிட்டிருந்துது."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"சும்மாவா? தினம் கெட்டில்ல தண்ணி ரொப்பி வெச்சுட்டுப் போனது யாரு?"

ஃபைனா மார்க்கோவ்னாவுக்குச் சிரிப்பில் மீன் முள் சிக்கிக்கொண்டது. சிக்கட்டும்.

"நீயே நேரா மாட்டித் தொலைச்சிருக்கலாமே!"

"எப்படி மனசு வரும்? காலம் பூரா தலைகீழா மாட்டின கை. இப்படி ஒரு பாவத்தை வெட்கமில்லாம செய்ய ஒரு ஆள் வேணும். அதுக்கு வெளியே எங்கே தேடறது? உன்கிட்ட 'செய்யாதே'ன்னு மூணு தடவை சொன்னாப் போதாதா?"

எனக்கு அழுகை வந்தது. பாவாடைக்காக இல்லை, கோட்டுக்காக. விடுமுறை முடிந்தது. எடிக் வந்தான். வலைத்துணிக்கு நடுவே நீந்தி வந்து என் எதிரே நின்றான்.

"லெகிங்ஸா, கோட்டா?"

நான் முதல் பொத்தானைக் கழற்றினேன். இரண்டாவதில் கை வைத்தபோது ரிம்மா டீயோடு வந்தாள்.

"இருப்பா எடிக். லெகிங்ஸ் இந்த வீட்டுலேருந்து வரணும், அவ்வளவுதானே?"

"ஆமாங்க ரிம்மா செம்யோனோவ்னா."

"யார் தைச்சா என்ன?"

எடிக் யோசித்தான். "தைச்சது யாருன்னு தொடைக்குத் தெரியவா போகுது?"

ரிம்மா என் பக்கம் திரும்பினாள். "வெனியமின் போரிசோவிச்!"

பெண்டாட்டி என்னை அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டால் அது தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

"வாக்குக் கொடுத்தது நீங்கதானே? மெஷின் காலியா இருக்கு. பகல்ல நான் தியேட்டர்ல இருப்பேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். கோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் தைக்கிறேன். தலைக்கு மேலே டூட்டூக்கள் எல்லாம் இப்போது நேராகவே தொங்குகின்றன, என்னால்தான் நிமிர முடியவில்லை. ஒரு வாரம் ராப்பகலாக மல்லுக்கட்டி முதல் லெகிங்ஸை முடித்தேன். சிறுத்தைப் புள்ளி. ரிம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு காலையும் பார்த்தாள்.

"தொங்குது. தலைகீழா மாட்டு."