நாலு கோர் குருவி

"மாப்ள, நகரவே மாட்டேங்குதுங்க."

கணக்கு அறைக் கதவை ஒருக்களித்துத் திறந்து தலையை மட்டும் நீட்டிச் சொல்லிவிட்டு, மாமனார் செங்கோட்டையன் மறுபடி சாத்திக்கொண்டார். வெளியே உட்கார்ந்திருந்த தமிழரசு பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தான்.

மாமனாருக்குப் புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை. தீவனக் கணக்குப் போட்டுவந்த அரதப் பழசான கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை விட்டது. அதிலிருந்த புரோகிராம் எதுவும் புது மெஷினில் ஓடாது. ஓட வைக்க ஜில்லாவிலேயே தன்னை விட்டால் ஆளில்லை என்பது தமிழரசின் நினைப்பு. பல வருடமாக ஓய்வு நேரத்தையெல்லாம் கொட்டிச் சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதி, அதற்குக் 'குருவி' என்று செல்லப் பெயரும் வைத்திருந்தான். எவ்வளவு பழைய புரோகிராமையும் குருவி முகம் சுளிக்காமல் ஓட்டும். அதைத்தான் மாமனாரின் புது மெஷினில் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

"எங்கப்பாவுக்கு இது ஓடலைன்னா, குருவியோட குடித்தனம் பண்றத இத்தோட உட்டுரோணும், ஆமா," என்று சேலத்திலிருந்து வரும்போதே மனைவி மதுமதி சொல்லிவிட்டாள்.

குறை எங்கே என்று தமிழரசுக்குத் தெரியும். புது மெஷினின் பிராசசரில் நாலு கோர், அதாவது நாலு வேலையாள். குருவிக்கு ஒருத்தனை மட்டும்தான் எழுப்பத் தெரியும்; மற்ற மூன்று பேரும் சொகுசாகத் தூங்கினார்கள். மடிக்கணினியைத் திறந்து இரண்டாவது ஆளையும் எழுப்ப வழி எழுதி, பென்டிரைவைக் கதவிடுக்கில் நீட்டினான். மாமனாரின் கணக்கை மாப்பிள்ளை எட்டிப் பார்ப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை.

கதவு திறந்தது. "ரெண்டு ரெண்டா வருதுங்க மாப்ள!"

ஒரே வேலையை இரண்டு பேரும் செய்கிறார்கள். 'அடுத்தவர் கையில் வேலை இருந்தால் காத்திரு' என்று இருவருக்கும் மரியாதை சொல்லிக்கொடுத்தான்.

"இப்ப அசையாம நிக்குதுங்க!"

மரியாதை முற்றிவிட்டது. பந்தியில் சம்பந்திகள் மாதிரி, "நீங்க மொதல்ல", "அட, நீங்க மொதல்லீங்க" என்று இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். தமிழரசு பல்லைக் கடித்துக்கொண்டு யாருக்கு அடுத்து யார் என்று வரிசை போட்டான். அந்த வேகத்தில் மிச்சம் இரண்டு பேரையும் எழுப்பினான். மடிக்கணினியில் தீவனக் கணக்கு கண்மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தது. குருவி பறந்துவிட்டது! சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கியது.

கதவு படாரென்று திறந்தது. மாமனாருக்கு முகமெல்லாம் வியர்வை. "எடுத்தொடனே முட்டிக்கிட்டுச் சாவுதுங்க!"

மதுமதி போனை எடுத்தாள். "கம்ப்யூட்டர் கடைக்காரரயே வரச் சொல்லீர்றேனுங்க. ஊர்ல எல்லாரும் வெச்சிருக்கறதப் போட்டுட்டுப் போகட்டும்."

"தீவனக் கணக்கு சரியாத்தான் வருது மது! திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன்!" தமிழரசு மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

காப்பியோடு வந்த மாமியார் அமுதவல்லி, கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"தீவனக் கணக்கையெல்லாம் உங்க மாமா எப்பவோ போன்லயே போட்டுக்கறாருங்க மாப்ள. கதவச் சாத்திக்கிட்டு அந்தப் பெட்டீல ஓட்டறது, முட்டையத் தின்னுத் தின்னு நீளுமே, அந்தப் பாம்பு வெளையாட்டு மட்டுந்தானுங்க!"