ஸ்டார்ட் ஆகாத இரண்டு வண்டிகள்

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
ஞாயிறு மதியம்

அன்பும் மரியாதையும் உள்ள அப்பாவுக்கு,

யாமினி எழுதுவது. இங்கே நான் நலம். பனி முழங்கால் வரை நிற்கிறது, அதுவும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சளியும் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் குணமாகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று பதற வேண்டாம். நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ட் அறையில் ஹீட்டர் காற்று வரும் குழாய் ஒன்று உண்டு. இங்கே பேசினால் அதன் வழியாக மேலே வீட்டுக்கார ருக்மிணி ஆன்ட்டியின் சமையலறையில் கேட்கும். அந்தப் பக்கம் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு, எதிர்வீட்டு சேனாபதி மாமாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறீர்கள். இரண்டு பக்கமும் சபை கூடியிருந்தால் எனக்கு "சாப்ட்டேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறுதோறும் நீங்கள் கேட்கிறீர்கள்: "கண்ணு, உன்ற ஸ்கூட்டரு ஸ்டார்ட்டே ஆக மாட்டீங்குது. நீ மெக்கானிக்கல் படிச்சவ, என்னன்னு வந்து பாரு." எழுத்துமூலமாகப் பதில் சொல்கிறேன். ப்ளக்கைக் கழற்றித் துடையுங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பேட்டரியைப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் விற்றுவிடுங்கள். நான் இந்த வருஷமும் வரப்போவதில்லை. லீவு கேட்பதற்காக மேனேஜர் மேஜை வரை போய், "குட் மார்னிங்" சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். போன வாரம் நீங்கள் அந்த ஸ்கூட்டரில்தான் சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கி வந்ததாக அம்மா சொன்னார். ஸ்டார்ட் ஆகாத வண்டி சந்தைக்குப் போய் வந்தது எப்படி என்பதையும் தெரிவித்தால் பழுதைக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும்.

உங்கள் வண்டியாவது பரவாயில்லை. இங்கே கராஜில் ஒன்று நிற்கிறது, ஸ்னோமொபைல் என்று பேர். பனியில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் அகலமாக ஒரு ரப்பர் பட்டை. ஆன்ட்டியின் மகன் ரோஹன் கல்லூரிக் காலத்தில் வாங்கியது. இஞ்சின் போய், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ரோஹன் இப்போது காரில் மூன்று மணி நேரம் தள்ளி, ஆல்பனி பக்கம் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வருவார். அவரும் அவர் அப்பா வெங்கடகிருஷ்ணன் அங்கிளும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு போனைப் பார்ப்பார்கள். இந்தத் தடவை அங்கிளுக்கு என்ன தோன்றியதோ, "டேய், அந்த வண்டியை நம்மளே ரீபில்ட் பண்ணா என்ன?" என்றார். ரோஹன் போனைக் கீழே வைத்தார். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறார். பிஸ்டன், ரிங், கேஸ்கெட் என்று கராஜ் முழுக்கப் பரப்பிக்கொண்டு, அங்கிள் யூட்யூப் பார்த்து ஒன்று சொல்ல, "டாட், தட்ஸ் த ராங் மாடல்!" என்று ரோஹன் கத்த, "உனக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்டா!" என்று இவர் கத்த, எனக்குக் கீழே வரை கேட்கும். அந்தச் சண்டையைக் கேட்டபடி ஆன்ட்டி இன்னொரு கப் அரிசி அளந்து போடுவார்.

ஒருவழியாக இஞ்சினை மூடினார்கள். "ஒன்ஸ் இட் ரன்ஸ், வெர்மான்ட்டுக்குக் கொண்டு போயிடுவேன் மாம், ஃப்ரெண்ட்ஸ் கேபின்ல வெச்சுக்கலாம்" என்றார் ரோஹன். ஆன்ட்டி, பூஜை போடாமல் எடுக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் இல்லை. கட்டைக்கு அடியில் என்றார் அங்கிள், பட்டைக்கு அடியில் என்றார் ஆன்ட்டி, கடைசியில் இரண்டுக்கும் அடியில் வைத்தார்கள். சந்தனம், குங்குமம், பூ எல்லாம் ஆயிற்று. பெட்ரோல் இருக்கிறதே என்று கற்பூரத்தை மட்டும் வெளியே பனியில் ஏற்றினோம். ரோஹன் ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்தார், வண்டி கிளம்பவில்லை. அங்கிள் இழுத்தார், இஞ்சினுக்குப் பதில் அவர் தோள்பட்டை சத்தம் போட்டது. பழங்கள் நசுங்கவே இல்லை. மறுநாள் எலுமிச்சை சாதமாக எனக்கும் வந்தன.

அதற்கப்புறம்தான் என் தலையில் விடிந்தது. "யாமினி, நீ மெக்கானிக்கல்தானே? உங்கப்பா போன்ல சொன்னாரே!" என்று அங்கிள் என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டுவிட்டார். அப்பா, நம் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கல்லூரி லேபில் இருந்த இஞ்சின், உள்ளே தெரிவதற்காகப் பாதியாக அறுத்துச் சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் அடித்தது. அது ஸ்டார்ட் ஆகும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. இங்கே ஆபீஸில் நான் பார்ப்பது இன்ஷூரன்ஸ் சாப்ட்வேர். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன், "ஸ்பார்க் வருதா அங்கிள்?" என்றுதான் வந்தது. ப்ளக்கைக் கழற்றி, விளக்கை அணைத்து, கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். ஸ்பார்க் இல்லை. "பார்த்தியாடா! கோல்ட் மெடலிஸ்ட்னா சும்மாவா?" என்றார் அங்கிள். நான் மெடல் எதுவும் வாங்கவில்லை, அப்பா. அதையும் நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ப்ளக்கை மாற்றினார்கள், அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயிலை மாற்றினார்கள், ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார்கள், வாரங்கள் போயின. நேற்று என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில், சுருள் கயிற்றோடு ஒரு சிவப்பு மூடி இருக்கிறது. அது உள்ளே சரியாகப் பதிந்தால்தான் ஸ்பார்க்குக்கு வழி. கழற்றிப் பார்த்தேன். உள்ளே சந்தனம், காய்ந்து அப்பளமாக. அதன் மேல் இன்னும் ஈரம் போகாத புதுச் சந்தனம். நிமிர்ந்தேன். கராஜ் வாசலில் காபி டம்ளரோடு ஆன்ட்டி நின்றிருந்தார். வேண்டாம் என்பது போல மெல்லத் தலையாட்டினார். "என்னம்மா, ஏதாவது தெரியுதா?" என்றார் அங்கிள். "வயரிங்கை இன்னொரு தடவை முதல்லேருந்து பார்க்கணும் அங்கிள்" என்றேன். என் டிகிரியை வைத்து நான் சொன்ன முதல் பொய்.

பிறகு சமையலறையில் ஆன்ட்டி என்னை உட்கார வைத்துத் தோசை வார்த்தார். "அவன் வாங்கின புதுசுல நான் பயந்து அழுதேன்டி. அப்போ இந்த மூடியைக் காட்டி, 'கயிறு என் ஜாக்கெட்ல மாட்டியிருக்கும்மா, நான் விழுந்தா இது கழண்டுடும், உடனே இஞ்சின் நின்னுடும்'னான். என் பிள்ளையைக் காப்பாத்தறது அதுதானே? அதான் பூஜையன்னிக்கு அதுக்கு உள்ளயும் நிறைய வெச்சேன். ஸ்டார்ட் ஆகல. அடுத்த சனிக்கிழமையும் வந்தான்."

"அப்புறம் ஆன்ட்டி?"

"அப்புறமென்ன, வெள்ளிக்கு வெள்ளி வெக்கறேன். இன்னொரு தோசை போட்டுக்கோ."

நான் போட்டுக்கொண்டேன், அப்பா. மொறுமொறுவென்று நன்றாகத்தான் இருந்தது. வண்டி ஓடினால் பிள்ளை போய்விடுவான், ஓடாவிட்டால் அங்கிளின் தோள்பட்டை போய்விடும். இதில் நான் யார் பக்கம் நிற்பது? இப்போது கூட மேலே இரண்டு பேரும் எந்த வயர் எங்கே போகிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு என்னவோ நம் வீட்டு வாசலில் ஸ்கூட்டரின் ஸ்டாண்டை நீங்கள் தள்ளும் சத்தம் நினைவு வருகிறது.

சரி, அது கிடக்கட்டும். நான் எழுதியபடி ஸ்கூட்டரைச் சரிபார்த்து, இல்லையென்றால் நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள். சேனாபதி மாமாவுக்கு என் வணக்கம், இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உங்கள் இருவர் ஆசியும் எனக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
யாமினி

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். வாஷிங் மெஷின் என் அறைக்கு வெளியேதான் இருக்கிறது. கிரீஸ் துணிகளைப் போட வந்த ரோஹன் என் கதவைத் தட்டி, "சந்தனத்தைப் பார்த்துட்டீங்க, ரைட்?" என்றார். அவருக்கு எப்போதோ தெரியுமாம். சனிக்கிழமைகளில் அங்கிள் கராஜுக்கு வருவதற்கு முன் போய்ப் பார்ப்பாராம். சந்தனம் உதிர்ந்திருந்தால், சாமி ஷெல்ஃபிலிருந்து எடுத்து இவரே கொஞ்சம் அப்பி வைப்பாராம். "இது ஓடிட்டா டாடும் நானும் வாட் டு வீ டாக் அபவுட்? டோன்ட் டெல் மாம், ப்ளீஸ்" என்றார். அவர் அறைக்குள் வந்து நின்று பேசியது ஹீட்டர் குழாய்க்கு நேர் கீழே. மேலே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, அரிசி அளக்கும் சத்தம் கேட்டது.

அப்பா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். ப்ளக்கைத் தொட வேண்டாம். ஸ்கூட்டரை யாருக்கும் கொடுக்க வேண்டாம். மேனேஜருக்கு லீவு கேட்டு இப்போதுதான் மெயில் அனுப்பினேன், நேரில் கேட்பதெல்லாம் இந்த ஜென்மத்தில் நடக்காது. சித்திரையில் வந்து நானே பார்க்கிறேன். சந்தைக்கு மட்டும் அதிலேயே போய் வாருங்கள், நடந்தால் முழங்கால் வலிக்கும். மற்றபடி நான் வரும் வரைக்கும் அது ஸ்டார்ட் ஆகவே கூடாது.