ஹவில்தார் எபினேசர் திரும்பமாட்டார்

ஹவில்தார் எபினேசர் பட்டாளத்தை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன; பட்டாளம்தான் இன்னும் அவரை விடவில்லை. போடியில் அவர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போட வருகிறவனுக்கும் 'அபவுட் டர்ன்' வகுப்பு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் அது 'ரைட் அபவுட் டர்ன்' என்று நீளமாக இருந்ததாம். வலப்பக்கமாகச் சுற்றி, வந்த திசைக்கே முகத்தைக் காட்டு என்று அர்த்தமாம். கத்திக் கத்தி வாய் வலித்து 'ரைட்' உதிர்ந்துபோனதாம். நம் பட்டாளத்தில் அதுவே இந்தியில் 'பீச்சே முட்'.

"அந்தச் சத்தம் காதுல விழுந்தா மூளைகிட்டக் கேக்கவே வேணாம். காலு தானாத் திரும்பிரும்," என்பார். மனைவி ரெபேக்காள் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்று வில்லங்கம் ஒரு மூட்டையால் வந்தது. மலைமேல் போடிமெட்டில் இருக்கும் தன் தம்பி பிரேம்சிங்கிடம் போய் ஏலக்காய் மூட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். எல்லையில் துப்பாக்கி தூக்கிய தோள் மச்சினன் மூட்டையைத் தூக்காது என்றார் எபினேசர். பேச்சு முற்றியது. இனிப் போடிப் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டேன் என்று சத்தியம் செய்து பூட்ஸை மாட்டினார்.

"கோவம்னா மதுரைக்குப் போங்க. மலைக்கு மட்டும் போயிராதீங்க, குளிரு ஒத்துக்காது," என்றாள் அவள்.

அது போதாதா? நேரே மலைக்கு ஜீப் ஏறினார்.

சோதனை கொண்டை ஊசி வளைவில் ஆரம்பித்தது. போடிக்கு முதுகைக் காட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஜீப் ஒரு வளைவு திரும்பியது. முகத்துக்கு நேரே போடி. எதிர் சீட்டுக்குத் தாவினார். அடுத்த வளைவில் மறுபடி போடி. மறுபடி தாவினார். தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"மூலமாண்ணே?" என்று ஒருத்தி பரிவாக விசாரித்தாள்.

"மானம்," என்றார் எபினேசர்.

இன்னொருத்தி யாருக்கோ போன் போட்டுச் சிரித்தாள்.

போடிமெட்டில் இறங்கும்போது இடுப்பு கழன்றிருந்தாலும் சத்தியம் முழுசாக இருந்தது. அந்தச் சந்தோஷம் டீ ஆறுவதற்குள் போய்விட்டது. எதிரே பிரேம்சிங் நின்றான். அவன் காலடியில் மூட்டை.

"வாங்க மச்சான். வெள்ளனயே வந்து நிக்கிறேன்."

"நான் வருவேன்னு யாருடா சொன்னா?"

"அக்காதான். நேத்து சாயந்தரமே சொல்லிருச்சு."

சண்டையோ இன்று காலையில்தான் நடந்தது. எபினேசர் டீ கிளாஸை நங்கென்று வைத்தார். மூட்டையைத் திரும்பியும் பாராமல், மலைக்கு அந்தப்புறம் பூப்பாறைப் பக்கம் நடையைக் கட்டினார். பிரேம்சிங் அவசரப்படாமல் செல்போனை உயர்த்தி ஸ்பீக்கரைப் போட்டான்.

"பீச்சே முட்," என்றது ரெபேக்காளின் குரல்.

வலது குதிகால் சுழன்றது. இடது கால் ஓங்கி வந்து சேர்ந்தது. எதிரே, மலையடிவாரத்தில், வெயிலில் போடி பளிச்சென்று தெரிந்தது. பிரேம்சிங் மூட்டையைத் தூக்கி அவர் தோளில் வைத்தான்.

"வெரசா வாங்க," என்றது போன். "எறங்குறப்பவாவது ஒரே சீட்டுல உக்காந்து வாங்க."