ஒரு தோணியும் ஜப்பான் கடற்படையும்

முப்பிடாதியை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது 1942-ம் வருஷம் ஆனி மாதம், எங்கள் ஆபீஸ் வாசலில். அவருடைய தோணியை மாட்டுவண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். அச்சன்புதூரிலிருந்து அந்த வண்டிக்குப் பின்னாலேயே சாரலில் நடந்து வந்திருந்தார்.

எங்கள் ஆபீஸின் பெயர் கடற்படையெடுப்புத் தடுப்புக் கிளை அலுவலகம். இருந்தது தென்காசியில். கடல் அங்கிருந்து அறுபது மைலுக்கு மேல். ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் மெட்ராஸில் ஒரு பெரிய அதிகாரி கடற்கரை ஊர்களின் பட்டியல் கேட்டிருக்கிறார். அவசரத்தில் அவருக்குக் கிடைத்தது, ஜனங்கள் கூட்டமாகக் குளிக்கப் போகும் ஊர்களின் பட்டியல். அதில் குற்றாலம் முதலிடத்தில் இருந்தது. குற்றாலத்துக் கட்டடங்களெல்லாம் சீசனுக்கு வாடகைக்குப் போய்விட்டபடியால் ஆபீஸைத் தென்காசியில் போட்டார்கள்.

இங்கே கடல் இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் ஆபீஸை மூடிவிடுவார்கள். அதிகாரி கைலாசமும், ஒரே குமாஸ்தாவாகிய நானும் அந்த விஷயத்தில் ஒரே கருத்துடையவர்களாக இருந்தோம்.

மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: கடல்வழிப் படையெடுப்பு எதனால் வெல்லும், எதனால் தோற்கும்? கைலாசம் அதை என்னிடம் தள்ளிவிட்டார். நான் நாலாம் வகுப்புப் படித்தவன். மற்றதெல்லாம் பழைய பேப்பரில் படித்தது. கடலைப் பார்த்தது ஒரு வயதில், திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது.

என் மனைவி முத்துவடிவு அப்போது உயிரோடு இருந்தாள். "கடல்ல அலை எந்தப் பக்கமிருந்து வரும்னாவது தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"கடல் பக்கமிருந்துதான்" என்றேன். அதையும் அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

எதிரி புன்னைக்காயலில் தாமிரபரணிக்குள் நுழைவான். சீவலப்பேரியில் சிற்றாற்றுக்குத் திரும்புவான். அப்படியே ஏறி வந்தால் குற்றால அருவிதான் அவனைத் தடுக்கும். படகு இருந்தால் வெல்வான், இல்லாவிட்டால் தோற்பான். அவன் நாட்டிலும் நம்முடையதைப் போல ஆபீஸ்கள் இருந்தால், கப்பலேறக் கையெழுத்து வாங்குவதற்குள் சண்டை முடிந்துவிடும். இந்தக் கடைசி வரியைக் கைலாசம் அடித்துவிட்டார். அது ஒன்றுதான் உண்மை.

அறிக்கையின் அடியில் ஒரு கட்டம்: இவ்வட்டாரத்திலுள்ள படகுகள். சைபர் போட எனக்குக் கை வரவில்லை. படகே இல்லாத ஊருக்கு எதற்கு ஆபீஸ் என்று கேட்பார்களே. பனைமரத்தைக் குடைந்த தோணி ஒன்றில் போய், குளத்தில் தாமரை இலை பறித்துக் குற்றாலத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் முப்பிடாதி நினைவுக்கு வந்தார். 'ஒன்று' என்று எழுதினேன். பத்தே நாளில் உத்தரவு வந்தது: எதிரி கையில் சிக்காதபடி படகுகளைக் கைப்பற்றவும்.

"அண்ணாச்சி, ஜப்பான்காரன் என் தோணியிலயா வருதான்?" என்று அன்றைக்கு ஆபீஸ் வாசலில் கேட்டார் முப்பிடாதி. "ரெண்டு பேர் ஏறினா முங்கிரும்."

"ரெண்டு ரெண்டு பேரா வரலாம்லா."

"அப்ப அவன் வந்து சேரதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்திருவான்." அவர் சிரிக்கவில்லை. "சீசன் மூணு மாசந்தான். இலை பறிச்சாத்தான் வீட்டுல அடுப்பெரியும். தோணி இல்லாம எப்படிப் பறிக்க?"

"சண்டை முடிஞ்சதும் தந்துருவோம்."

"எப்ப முடியும்?"

"மேலிடத்துல கேட்டு எழுதுதேன்."

எழுதவும் செய்தேன். பதில் வரவில்லை.

தோணி போன எட்டாம் நாள், முப்பிடாதி கவிழ்த்த மண்பானையை மிதவையாகப் பிடித்துக்கொண்டு இலை பறிக்க இறங்கியிருக்கிறார். சாரலில் குளம் நிரம்பியிருந்தது. தாமரைக் கொடி காலைச் சுற்றிவிட்டது. மறுநாள்தான் எடுத்தார்கள்.

மாத அறிக்கை எழுத உட்கார்ந்தோம்.

"எதிரி தரையிறங்கினானா?" என்று கேட்டார் கைலாசம்.

"இல்லீங்க."

"நம்ம பக்கம் சேதம்?"

"ஒரு ஆள்."

"பட்டாளத்துக்காரனா?"

"தாமரை இலை பறிக்கிறவரு."

"அப்ப சேதம் இல்லைன்னு போடும்."

போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஜப்பான்காரன் வரவேயில்லை. முன்னேற்பாடு பலித்ததாக மேலிடம் முடிவு செய்தது. எங்கள் இருவருக்கும் பாராட்டுப் பத்திரம் கொடுக்க மெட்ராஸ் அதிகாரி வந்தார். அருவியில் குளித்துவிட்டு விருந்துக்கு உட்கார்ந்தவர் வாழையிலையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இந்த ஊரில் தாமரை இலைதான் விசேஷம் என்றார்களே?"

"இந்த வருஷம் வரத்து இல்லீங்க" என்றார் கைலாசம்.

நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினேன்.

சண்டை முடிந்ததும் ஆபீஸை எடுத்துவிட்டார்கள். தோணியைத் திரும்ப வாங்க அதன் சொந்தக்காரரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அது இப்போது மாட்டுப் பவுண்டு வாசலில் கிடக்கிறது. பிடித்து அடைத்த மாடுகளுக்கு அதில்தான் தண்ணீர் காட்டுகிறார்கள்.