அந்தரத்தில் தொங்கிய புரட்சி

இந்தியாவில் நடக்க வேண்டிய புரட்சிகள் அத்தனைக்கும் ஒத்திகை பார்த்து முடித்துவிட்ட ஒரே மனிதர், கும்மிடிப்பூண்டியில் நான் டிரெய்னியாக இருந்த இரும்புக் கம்பி ஆலையில்தான் இருந்தார். பட்டப்பெயர் இன்டர்வெல். டீ இடைவேளைதோறும் ஏதாவதொரு படத்தின் கலகக் காட்சியை நடித்துக் காட்டாமல் விடமாட்டார்.

"இன்னா இன்ஜினியரு, ஹீரோ இரும்பு கேட்ட ஒதைக்கசொல்ல காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?"

"தெரியலண்ணே."

"இன்னாத்த படிச்ச நீ! அவரு எந்தப் பக்கம் திரும்புனாலும் எதுர்லேர்ந்துதான்!"

வேலையில் மட்டும் அவர் ஊமைப்படம். கிரேனுக்கு அவர்தான் சிக்னல் மேன். மேலே கேபினில் உட்கார்ந்திருக்கும் முனுசாமிக்கு ஆலை இரைச்சலில் எதுவும் கேட்காது. இன்டர்வெல் விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்குவார். கீழே காட்டினால் இறக்குவார். நிறுத்தச் சொல்லி யார் கைகாட்டினாலும் நிறுத்துவார். தூக்கவும் இறக்கவும் இன்டர்வெல் விரல்தான் வேண்டும். மேனேஜர் விரல்கூடச் செல்லாது.

ஒருநாள் கேன்டீன் கலாக்காவை, "நாளையிலிருந்து வராதே" என்றுவிட்டார் மேனேஜர். குற்றம், கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டாவது கரண்டி சோறு. அக்கா சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பே எரிந்தது.

இன்டர்வெல்லுக்கு மூக்கு விடைத்தது. கிரேன் சங்கிலியில் மாட்டித் தயாராக இருந்த மரத்தட்டின்மேல் தாவி ஏறினார்.

"சோறு போட்ட கைய தட்டிவுட்டவன் எவன்டா? இத்த கேக்க ஆயிரம் பேரு எழுவோம்டா!" என்று விரலை வானத்துக்கு நீட்டி ஒரு சுழற்று சுழற்றினார்.

முனுசாமி கடமை தவறாதவர். தூக்கிவிட்டார்.

ஷிப்டே விசிலடித்தது. மேனேஜர் பதறி, நிறுத்தச் சொல்லிக் கைகாட்ட, கிரேன் பாதியில் நின்றது. இன்டர்வெல் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றார். பேச்சில்லை, அசைவில்லை.

"கையக் காட்டி எறங்குய்யா!"

மௌனம்.

"சரி, அந்தம்மா வேலைக்கு வரட்டும்! எறங்கு!"

மௌனம்.

"ரெண்டாவது கரண்டியும் போடட்டும்! எறங்கித் தொலைய்யா!"

கரண்டியோடு ஓடிவந்த கலாக்கா அண்ணாந்து பார்த்தார். "ஐய, புடிவாதம் இல்ல சார். புள்ள பயந்துபோயி கீறான். தம்பி! கண்ண மூடிக்கோ. சங்கிலிய ஒரு கையால கெட்டியா புட்ச்சிக்கினு, ஒரே ஒரு வெரல மட்டும் கீழ காட்டு நைனா!"

விரல் மெல்லப் பிரிந்தது. புரட்சி தரையிறங்கியது.

ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன்.

"இன்ஜினியரு, பயந்த மாரி தெரிஞ்சிச்சா?"

"சேச்சே! மாஸுண்ணே!"

அவர் முழங்கால்கள் இரண்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

இப்போது தியேட்டரில் எந்த ஹீரோ ஊரையே எதிர்த்து நின்றாலும் என் கண் அவர் முழங்காலுக்குத்தான் போகிறது. ஒருவருக்கும் நடுங்குவதில்லை. எனக்கு விசிலே வரமாட்டேன் என்கிறது.