மூடி மேஸ்திரியின் சீர்

சொந்தமாக ஒரு கரண்டிகூட இல்லாமல், ஒரே ஒரு மூடியை வைத்துக்கொண்டு கல்யாணச் சமையல் செய்த மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் உத்திரமேரூர் மூடி மேஸ்திரிதான். மறுப்பவர்கள் என்னிடம் வரலாம், சண்டைக்கு நான் தயார்.

வாணல், அண்டா எல்லாம் வாடகைக்கு வரும். மூடி மட்டும் அவருடையது. கனத்த இரும்பு, மேலே மரப்பிடி. முதுகில் கயிற்றால் கட்டிக்கொண்டு அவர் சைக்கிளில் போனால், பின்னால் வருகிறவர்களுக்கு ஆளே தெரியாது, மூடிதான் சைக்கிள் ஓட்டும்.

அடுப்பருகே தண்ணீர்க் குடத்தைப் பார்த்துவிட்டால் ஆடித் தீர்த்துவிடுவார்.

"இது இன்னாத்துக்கு இங்க கீது? எண்ணையும் தண்ணியும் சம்பந்திங்க மாதிரி. தள்ளி இருந்தாதான் மரியாதி!"

எண்ணெய் லேசாகப் புகைந்தாலும் விறகை வெளியே இழுத்துவிடுவார். "கோவம் வந்துகினு கீது, ஆறட்டும்" என்பார். அதனால் முதல் பந்திக்கு வடை கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் என் அக்கா கல்யாணத்துக்கும் அவர்தான். வாசலை அடைத்துக் கீற்றுப் பந்தல், அதை ஒட்டியே சமையல் கொட்டகை. மாப்பிள்ளை வீட்டார் பழையசீவரம். மாப்பிள்ளையின் சித்தப்பா இலையில் உட்கார்ந்ததுமே, "அப்பளம் எங்கய்யா?" என்று கத்தினார். மேஸ்திரி உள்ளே பருப்பு எடுக்கப் போயிருந்தார். சம்பந்திகளைக் காக்க வைக்கலாமா? மகா புத்திசாலியான நான் இரண்டு சவுக்குக் கட்டைகளை அப்பள எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் திணித்தேன்.

எண்ணெய் புகைந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பென்று பற்றிக்கொண்டது. கீற்றை நோக்கி நெருப்பு எழும்ப, பந்தல் போச்சு, அக்கா கல்யாணமும் போச்சு என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஊத்தாதடா! ஊத்துனா நெருப்பு நாலா பக்கமும் பறக்கும், பந்தலே பூடும்!"

உள்ளேயிருந்து ஓடிவந்த மேஸ்திரி சொன்னதோடு நிற்கவில்லை, காலையும் குறுக்கே நீட்டிவிட்டார். குடமும் நானும் மண்ணில் உருண்டோம். அவர் மூடியை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து தள்ளி வாணலை மூடினார். கட்டைகளை இழுத்துப் போட்டார். நெருப்பு அடங்கிவிட்டது.

சித்தப்பா வந்து, "தொறங்கய்யா, அப்பளம் பொரிக்கணும்" என்றார்.

"இப்ப தொறந்தா மறுபடியும் பத்திக்கும் சாமி." மேஸ்திரி மூடிக்குக் காவலாகக் குந்திவிட்டார்.

"அப்பளம் இல்லாம ஒரு கல்யாணமா?"

சமாதானம் சொல்ல அப்பா ஓடி வந்தார்; அதற்குள் மேஸ்திரியே பதில் சொல்லிவிட்டார்.

"அப்பளம் இல்லாட்டியும் கல்யாணம் நடக்கும். பந்தல் இல்லாட்டி?"

சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே ஒரு கீற்று கருகித் தொங்கியது. போய் உட்கார்ந்து இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

அக்கா புறப்படும்போது மேஸ்திரி அந்த மூடியைச் சீர்வரிசையோடு வைத்தார். "பொண்ணுக்கு நம்ம சீர்." ஊரே சிரித்தது. அக்கா வெட்கத்தில் அழுதேவிட்டாள்.

அக்கா தன் மகளைக் கட்டிக்கொடுத்தபோது மேஸ்திரி உயிரோடு இல்லை. சீர்த்தட்டுகளை எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவைக்குப் பக்கத்தில், புளி போட்டுத் தேய்த்து, பொட்டு வைத்து, அந்த மூடி இருந்தது.

"இன்னாம்மா இது, பாத்திரம் எங்க?" என்றது கல்யாணப் பெண்.

"மூடி போதும், எடுத்துகினு போ" என்றாள் அக்கா.