மச்சான் கேட்ட லாரி

கருப்பணன் ஃபர்ஸ்ட் கியர் போட்டார். லாரி நின்ற இடத்திலேயே நின்றது; கியர் கம்பி மட்டும் லொடலொடவென்று நாலு பக்கமும் ஆடியது.

பழைய காலத்து லாரி அது. கியர் கம்பி தரையில் இருக்காது, ஸ்டியரிங் தண்டை ஒட்டிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். நேற்று மத்தியானம் ஆமத்தூரிலிருந்து சிவகாசிக்கு வெடி சுற்றுகிற பேப்பர்க் குழாய் லோடு கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தபோதுகூட ஒழுங்காகத்தான் இருந்தது.

"என்னங்க, என்னாச்சு?" வாசலிலிருந்து மனைவி கற்பகம் கேட்டாள்.

"கியர் ஆடுது."

"அப்ப விடுங்க. எங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிடுறேன்."

கற்பகத்தின் அண்ணன் சின்னச்சாமி மல்லாங்கிணற்றிலிருந்து நாலு மணிக்கு வருகிறார். குலசாமி கோயில் கிடா வெட்டுக்கு நாற்பது பேரையும் ஏழு ஆட்டையும் ஏற்றிப் போக போன வருஷம் மாதிரியே இந்த லாரியைத்தான் கேட்டிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் கற்பகத்தின் சித்தப்பா கேட்டபோது, டயர் சரியில்லை என்று சொல்லிவிட்டார் கருப்பணன். அன்றைக்கும் கற்பகம் "விடுங்க" என்றுதான் சொன்னாள். அப்புறம் இருபத்திரண்டு நாள் பேசவில்லை. இருபத்திரண்டு நாளும் வெறும் ரசம்தான்.

"அதெல்லாம் இல்ல! இந்தா, அஞ்சே நிமிசம்!" என்றார் அவசரமாக.

பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கம்பியின் அடியில் இறுக்கிச் சுற்றினார். ஆட்டம் நின்றது. அதோடு அசைவும் நின்றுபோயிற்று. இரண்டு கையாலும் இழுத்தார். ஸ்டியரிங்கில் காலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். டியூப் அறுந்தது. கருப்பணன் திறந்திருந்த கதவு வழியாகப் பறந்து வேலிக்கருவை மேல் விழுந்தார்.

"விடுங்கன்னு சொன்னேன்ல?" முதுகில் முள் எடுத்தபடி சொன்னாள் கற்பகம்.

ஆகா, குத்திக் காட்டுகிறாளே என்று பதறிப்போய் மெக்கானிக் பாண்டிமுருகனுக்குப் போன் போட்டார்.

பாண்டிமுருகன் வந்தான். கம்பியை ஒரு ஆட்டு ஆட்டினான்.

"புஷ்ஷு போச்சுண்ணே."

புஷ் என்பது கம்பியை ஆடாமல் பிடித்துக்கொள்கிற வளையம். விருதுநகர் போய் வாங்கிவர நேரமில்லை. பாண்டிமுருகன் அடியில் கியர்பெட்டிக்குப் போகிற ராடுகளையும் புஷ்ஷையும் கழற்றினான். லாரியில் சிந்திக் கிடந்த பேப்பர்க் குழாய் ஒன்றை எடுத்து அளவாக நறுக்கினான்.

"ஏலே, பேப்பர்லே அது!"

"நம்மூர்க் குழாய்ண்ணே. வெடியத் தாங்குது, கியரத் தாங்காதா?"

நியாயமாகத்தான் பட்டது. குழாயைச் சொருகி, ராடுகளை மாட்டி, "போடுங்கண்ணே ஃபர்ஸ்ட்டு" என்றான்.

போட்டார். லாரி விருட்டென்று பின்னால் பாய்ந்து வீட்டுக் குளியலறைச் சுவரைச் சாய்த்துவிட்டு நின்றது.

"ராடு ரெண்டையும் மாத்தி மாட்டிப்புட்டேன் போல."

"செவர இடிக்கவாலே உன்னயக் கூப்பிட்டேன்?"

கற்பகம் ஓடிவந்தாள். சுவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், விட்டுருங்க. சத்தியமா நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றால் எத்தனை நாளைக்கு? இந்தத் தடவை கூடப்பிறந்த அண்ணன் விவகாரம். பொங்கல் வரைக்கும் ரசம்தான் என்று கணக்குப் போட்டார் கருப்பணன்.

"ஏலே, கழட்டி மறுபடியும் பாருலே!"

பாண்டிமுருகன் வண்டிக்கடியில் படுத்தான். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, புஷ்ஷெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கம்பியத் தண்டோட சேத்துப் பிடிக்கிற நட்டு ரெண்டும் லூசாக் கெடக்கு, அம்புட்டுத்தான்."

"இத மொதல்லயே பாத்தா என்னலே?"

"நீங்க புஷ்ஷு இல்லன்னு சொல்லலையேண்ணே!"

பேப்பர்க் குழாயை உருவிவிட்டுப் பழைய புஷ்ஷையே மாட்டி, ராடுகளை ஒழுங்காகப் போட்டு, நட்டு இரண்டையும் முடுக்கினான். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், டாப். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன. கருப்பணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலு மணிக்குச் சின்னச்சாமி வந்தார். "மாப்ள, நீங்கதான்யா மனுசன்!" என்று கட்டிப்பிடித்துவிட்டு, ஹாரனை அடித்துக்கொண்டே லாரியை ஓட்டிப் போனார்.

கருப்பணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார். "பாத்தியா கற்பகம்? உங்க வீட்டு ஆளுகன்னா எனக்கு உசுரு!"

கற்பகம் சாய்ந்த சுவர்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டார் கருப்பணன்.

பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து, தூக்குச்சட்டியோடு வந்த பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் தெருமுனையில் லாரி போவதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"ஏ மதினி, போன வருசம் மாதிரி நாலு நாளைக்கு லாரியில ஆட்டுப் புழுக்கை கழுவ முடியாது, அண்ணன்கிட்ட இல்லைன்னும் சொல்ல முடியாதுன்னு நீ சொன்னேன்னு, நேத்து நாம ரெண்டு பேரும் வண்டிக்கடியில படுத்து அம்புட்டுப் பாடுபட்டு அந்த நட்டு ரெண்டையும் லூசாக்குனோமே, எந்தப் பாவி மதினி அத முடுக்குனது?"